தொட்டில் ஊர்

மார்ச் 4, செவ்வாய்
பாரிஸ் பக்கத்துல சான்-ஜெர்மேன்-ஆன்-லே, இந்த ஊரு கோட்டைல இருக்கற மியூசியம் லீவு. செவ்வாய்க்கிழமை திறக்க மாட்டாங்களாம், பாத்துட்டு வந்திருக்கணும். ஆஸ்பத்திரில மூணு மணிக்குத்தான் அவ வார்டுக்குள்ள விடுவாங்க, அதுவரைக்கும் எங்க போறது. கோட்டைய ஒரு சுத்து சுத்துனேன். நாலு மூலைன்னு நெனச்சு எண்ணிட்டே வந்தா அஞ்சு மூலை.

மார்ச் 5
அவளுக்கு 27 வாரம் 1 நாள்.

மார்ச் 7
கோட்டைத் தோட்டத்து ஓரமா இருக்கற நடைபாதைக்குத் தெராஸ்னு பேரு. தெராஸ்ல நடந்தேன்னு சொன்னதும் அத்தை போன்ல யாரு வீட்டு மொட்டை மாடின்னு கேட்டாங்க. 2,400 மீட்டர் நீளம் அத்தை, லெ நோத்ர்னு 14-ம் லூயி ராஜாவோட தோட்டக்காரரு 1669ல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் போட்டதுன்னேன், அதெல்லாம் இருக்கட்டும் அவ சாப்ட்டாளான்னு கேட்டாங்க. ஒரு பக்கம் இரும்புக் கம்பி, கீழ சேன் ஆறு, தூரத்துல பாரிஸ் பக்கம் லா தெஃபான்ஸ் உயரக் கட்டடங்க, இந்தப் பக்கம் வரிசையா லின்டன் மரம், ஒத்த இலை கிடையாது. கடைசி வரைக்கும் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவ பாத்ரூம் தவிர எங்கயும் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க, உன் பங்கையும் சேத்து நான் நடக்கறேன்னு அவகிட்ட சொன்னேன், சிரிக்கல.

மார்ச் 9
இன்னைக்கு மியூசியம் உள்ள போனேன். கல்லு, எலும்பு, வெண்கல வாளு, எதுவும் மனசுல ஏறல. கடைல ஒரு கார்டு வாங்கினேன், பிராசம்புய் பொண்ணு, சின்ன சிலைத் தலை, 1894ல பிரான்ஸுக்குத் தெக்க பிராசம்புய்ங்கற ஊர்ல கிடைச்சது, மாமூத்ங்கற பழங்கால யானையோட தந்தத்துல செதுக்கினது, இருபத்தஞ்சாயிரம் வருஷத்துக்கு முந்தி. கார்டுல முகம் என் உள்ளங்கை அளவு இருக்கு, நெஜத்துல 3.65 சென்டிமீட்டர்தான். முதல் ஸ்கேன் பேப்பர்ல குழந்தை 36 மில்லிமீட்டர்னு போட்டிருந்தாங்க. ஸ்கேல் எடுத்து கட்டைவிரல்ல வச்சுப் பாத்துட்டே இருந்தேன்.

கார்ட அவ ரொம்ப நேரம் பாத்தா. "புருவம், மூக்கு எல்லாம் வச்சிருக்கான், வாய் வைக்கலயே"ன்னா.

மார்ச் 11
கொஞ்சம் ப்ளீடிங். நின்னுடுச்சு.

மார்ச் 13
இந்த ஊரு சின்னத்துலயே தொட்டில். நீலத்துல ஒரு தொட்டில், கீழ 5 செப்டம்பர் 1638னு தேதி, 14-ம் லூயி பொறந்த நாள். கண்ண வேற பக்கம் திருப்பிக்கறேன். அவங்கம்மா ஆன் ராணிக்குக் கல்யாணம் 1615ல, 23 வருஷம் காத்திருந்தாங்க, நடுவுல கலைஞ்சது வேற. அதான் பையனுக்குத் தியுதொனேன்னு பேரு, கடவுள் கொடுத்தவன்னு அர்த்தம். பொறந்தது இந்தக் கோட்டைல இல்ல, பக்கத்துல இருந்த புது அரண்மனைல, அத அப்புறம் இடிச்சுட்டாங்க, மிச்சம் ஒரு மூலை ஓட்டலா இருக்கு. அந்தாளு இவ்ளோ நீளத்துக்குத் தெராஸ் போடச் சொல்லிட்டு 1682ல மூட்ட கட்டிட்டு வெர்சாய்க்குப் போய்ட்டாரு. பணக்காரன் புத்தி.

பொறக்கும்போதே ரெண்டு பல்லு இருந்துச்சாம். அவகிட்ட சொன்னேன். "பால் குடுத்தவ பாவம்"னு சொல்லிச் சிரிச்சா, வயித்தப் புடிச்சுக்கிட்டே. பயந்துட்டேன்.

மார்ச் 14
மழை. போற வழில மட்டும் நடந்தேன், திரும்ப ஓட்டம்.

மார்ச் 16
குழந்தை 1,180 கிராம். டாக்டர் 'ஆன் வெர்ரா'ங்கறாரு. பாக்கலாம்னு அர்த்தம், அத்தைகிட்ட எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாருன்னு சொல்லிட்டேன். என்னத்தப் பாக்கறது, எப்ப பாக்கறது, ஒரு தேதி சொல்ல மாட்டாங்களா. தொட்டில் வாங்கலாமான்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துச்சு.

மார்ச் 18, செவ்வாய்
மறுபடி செவ்வாய், மறுபடி பூட்டின கதவு முன்னாடி நிக்கறேன். பழக்க தோஷம். கார்ட அவ தலையணைக்கு அடில வச்சிருக்கா, ஓரம் மடங்கிடுச்சு. கன்னத்துல அந்த விரிசல் நீளமாயிருக்குன்னு சொல்றா. கார்டுல எப்டிடி நீளும்னேன், நீயே பாருன்னு நீட்டுறா.

லின்டன்ல சின்னச் சின்ன மொட்டு. கீழ இருந்து பதினோராவது மரத்துல மட்டும்.

மார்ச் 19
இன்னைக்கு நடக்கப் போகல.