ஓதம் ஏறும் வீடு

சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். கடலோர நகரம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் குடிபோகிறான். "அக்கா, நீங்கதான் பதினோரு வருஷமா கடலோரத்துல இருக்கீங்களே, வெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்குமா?" என்றான். வெயிலை விடு என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் எவ்வளவு நேரம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தான் என்று தெரியாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுவரின் அடியில் ஈரம் ஏறிக் காரை பொரிந்தால் எங்கள் பாட்டி "ஓதம் அடிக்குது" என்பாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஓதம் என்றால் கடல் ஏறி இறங்குவது. இரண்டும் எப்படி ஒரே சொல்லானது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். கடலிலிருந்து 200 மீட்டரில் வாடகைக்குக் குடிபோன முதல் வருஷம் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

நான் வளர்ந்தது வறண்ட மேட்டு நிலம். பகலில் 38 டிகிரி அடித்தாலும் ராத்திரி மொட்டைமாடியில் போர்வை தேடுவோம். கடலோரத்தில் 32, 33தான் என்று பார்த்ததும் இது ஒரு வெயிலா என்று நினைத்தேன். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிரும். காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருந்தால் எப்படிக் காயும்? 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் உடம்புக்கு அது கிட்டத்தட்ட 41 மாதிரி.

ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. காலையில் 90 என்று காட்டும், மதியம் 60 என்று காட்டும், காற்றில் இருக்கும் தண்ணீர் என்னவோ அதே அளவுதான். பார்க்க வேண்டியது பனிப்புள்ளி, வானிலைச் செயலிகளில் டியூ பாயின்ட் என்று இருக்கும். காற்றை எந்த டிகிரி வரை குளிர்வித்தால் ஈரம் துளியாக மாறுமோ, அந்த எண். 16க்குக் கீழே இருந்தால் சுகம். 20ஐத் தாண்டினால் கசகசப்பு. 24க்கு மேல் போனால் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டும். ராத்திரி வெப்பம் பெரும்பாலும் அந்த எண்ணுக்குக் கீழே இறங்காது என்பது இதில் இன்னொரு சங்கதி. 26 என்றால் விடியற்காலை மூன்று மணிக்கும் 26க்குக் குறைந்து எதிர்பார்க்காதே. போகப்போகிற ஊரின் பனிப்புள்ளி ஒவ்வொரு மாதமும் எப்படி இருக்கிறது என்று போன வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்துவிடு. நான் வீடு பார்க்கப் போனது வருஷத்திலேயே நல்ல மாதம், அதுவும் காலை ஏழு மணி. அந்த நேரத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு முறையாவது மோசமான மாதத்தில், மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் அதே தெருவில் நட.

முதல் இரண்டு வாரம் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும், பயப்படாதே. அதற்குள் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். எந்நேரமும் ஏசிக்குள்ளேயே இருந்தால் இந்தப் பழக்கம் வராது. வந்த பழக்கமும் சில வாரங்களில் போய்விடும்.

கடல்காற்றைப் பற்றி எல்லோரும் கவிதை பாடுவார்கள். பாட வேண்டியதுதான், மதியத்துக்கு மேல் அது உள்ளே வரும்போது ஊரே மூச்சு விடும். தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும், அந்த வித்தியாசத்தில் பிறக்கிற காற்று அது. தரைப் பக்கத்திலிருந்து எதிர்க்காற்று பலமாக வீசுகிற நாளில் அது வரத் தாமதமாகும், சில நாள் வரவே வராது. வருஷத்தின் மிகக் கொடிய நாட்கள் அவைதான். இன்னொன்று, கடல் பக்கம் ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. காற்று வெளியேற எதிர்ப்பக்கமும் ஒரு திறப்பு வேண்டும். என் முதல் வீட்டில் கடல் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது, எதிரே வெறும் சுவர். வாசல் கதவைத் திறந்து வைத்தால்தான் காற்றே உள்ளே வரும்.

அந்த ஜன்னலுக்காகத்தான் அந்த வீட்டையே எடுத்தேன். ஆறு மாதத்தில் அதன் கிரில்லில் ஒரு விஷயம் கவனித்தேன். மழை நேராக அடிக்கும் மேல் கம்பிகள் ஓரளவு நன்றாக இருந்தன. சன்ஷேடுக்குள் மறைந்து, மழையே படாத கம்பிகள்தான் அடிவளைவில் செதில் செதிலாக உரிந்திருந்தன. நகத்தால் தட்டினால் பழுப்பு ஏடு ஒன்று கையில் வரும். நனையாத இடம் ஏன் துருப்பிடிக்கிறது? கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா விளக்கினார். "உப்பு டப்பாவைத் திறந்து வச்சா என்ன ஆகும்?" என்றார். கசியும் என்றேன். "அதேதாம்மா. காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா தண்ணியை இழுத்துக் கரையும். கடலுப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது அதுக்கும் ரொம்பக் கீழயே ஈரம் புடிச்சிடும். கம்பி மேல படியற உப்பு காயவே காயாது. மழை பட்ட இடத்துல உப்பு கழுவிப் போயிடுது. படாத இடத்துல அப்படியே உக்காந்து தின்னுது."

அன்றிலிருந்து கிரில், தாழ்ப்பாள், கீல் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுவது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் கொஞ்ச நாளில் போய்விடும். சாதாரண 304 ரகத்தில் தேநீர்க் கறை மாதிரிப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்குகிறது, விலை அதிகம்தான். வெளியே நிற்கும் கைப்பிடி, திருகாணிக்காவது அதைக் கேட்டு வாங்கு.

வீடு பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்காதே, அண்ணாந்து பார். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடின் அடிப்பக்கம். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் இருக்கிறதா, பழுப்புக் கறை வடிந்திருக்கிறதா? உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே காரையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேலே எத்தனை கோட்டு பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது. உப்பின் தாக்கம் முதல் சில நூறு மீட்டரில்தான் மிக அதிகம், உள்ளே போகப் போக மளமளவென்று குறையும். நான் இப்போது இருப்பது கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர். காற்று கொஞ்சம் தாமதமாக வருகிறது, கீல்கள் உயிரோடு இருக்கின்றன. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நடந்து போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏசி கதை தனி. முதல் வீட்டில் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருஷம் கேஸ் இறங்கிவிட்டது. மெக்கானிக் தம்பி மூடியைக் கழற்றி, விரலால் ஃபின் என்கிற மெல்லிய அலுமினியத் தகட்டைத் தொட்டான். மாவு மாதிரி உதிர்ந்தது. "கடல் தின்னுடுச்சுக்கா" என்றான். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவே உப்புத்தண்ணீர், ஆக அது ஒரு பேட்டரி, அலுமினியம்தான் கரையும். வெளி யூனிட் கடலுக்கு முதுகு காட்டி இருக்கட்டும், ஃபின்னுக்குப் பூச்சு கொடுத்த மாடலாக இருக்கட்டும், அவ்வப்போது அதை நல்ல தண்ணீரில் கழுவிவிடு. தேவைக்கு மேல் பெரிய ஏசியும் வேண்டாம். அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே இருக்காது. குகைக்குள் படுத்தது போலச் சில்லென்று நசநசப்பாக இருக்கும்.

அடுத்தது பூஞ்சணம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60க்கு மேலேயே நின்றால் அதற்குக் கொண்டாட்டம். மர பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, நாலு விரல் இடைவெளி விடு. எனக்குப் போனது அப்பாவின் கேமரா. தோல் உறையோடு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள். பூஞ்சணத்தைத் துடைத்து எடுத்தார்கள், கண்ணாடியில் அது அரித்த தடம் அப்படியே நின்றுவிட்டது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பை, இரண்டும் சேர்ந்து ஆகிற செலவு ஒன்றுமேயில்லை. தோல் உறையை முதலில் தூக்கிப் போடு. படிப்புச் சான்றிதழ்கள், பத்திரங்களையும் இந்த டப்பாவிலேயே வை.

தண்ணீர். கிணறோ போரோ இருக்கிற வீடு என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கோடைக் கடைசியில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேள். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார். எல்லோருமாக மோட்டார் போட்டு உறிஞ்சி மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று பையில் வைத்துக்கொள், வீடு பார்க்கும்போதே குழாயில் பிடித்து அளந்துவிடலாம். 1000க்கு மேல் காட்டினால் வாயில் வைக்க முடியாது. கம்மியாகக் காட்டினால் கிருமி இல்லை என்று அர்த்தமும் இல்லை.

கொசுவைப் பற்றி ஒரே வரி. பகலில் கடிக்கிற டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும், ஏசித் தண்ணீர் சொட்டும் பக்கெட்டும் ஃப்ரிட்ஜின் பின் தட்டும் அதற்குப் போதும்.

இனி வெளியில் ஏறும் ஓதம். சின்ன மழைக்கே எங்கள் பழைய தெருவில் ஒரு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது, இன்னொரு நாள் பெருமழை பெய்தும் மளமளவென்று வடிந்துவிட்டது. மழைநீர்க் கால்வாய் கடலில்தான் போய் விழுகிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, சில சமயம் கடல்நீரே கால்வாய் வழியாகத் திரும்பி வரும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி இன்னும் அதிகம். அதனால் கடலோர ஊரில் குடியிருப்பவர்களுக்கு வானிலையோடு ஓத அட்டவணையும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று வரைபடத்தில் பார். கடல் இருந்த இடத்திலேயே இருக்கப்போவதும் இல்லை. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரியில் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் தண்ணீர் வருமா என்று கேட்காதே, வராது என்றுதான் சொல்வார். எதிர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு எங்கே நிற்கிறது என்று பார்.

புயல் வரும் கரை என்றால் காற்றைவிடக் கடலேற்றத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரை அடித்தபோது முன்னெச்சரிக்கை போயிருந்தது. ஆனால் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்றால் கடலே ஊருக்குள் வரும் என்பது பலருக்குப் புரியவில்லை. வழக்கமான புயல்தான் என்று நினைத்து வீட்டில் இருந்துவிட்டார்கள். ஆகவே அந்த ஊரில் அறிவிப்பில் என்ன சொல் பயன்படுத்துகிறார்கள், அதைக் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று முதல் வாரமே தெரிந்துகொள். புயலின் கண் மேலே வந்து நிற்கும்போது காற்று சட்டென்று அடங்கும், சில சமயம் வெயிலே அடிக்கும். முடிந்துவிட்டது என்று வாசலைத் திறக்காதே, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். இன்ஷூரன்ஸ் எடுக்கிறாய் என்றால் காற்றால் வந்த சேதத்தையும் ஏறி வந்த தண்ணீரால் வந்த சேதத்தையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா என்று பொடி எழுத்தைப் படி.

நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் இறங்குவான் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகு, அப்புறம் திரும்பி வா.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும், "சரிக்கா, ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன்" என்று போட்டோ அனுப்பினான். நான் எடுத்த மாதிரியே பெரிய ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல்.

"கிரில்லைக் கிட்ட வச்சு ஒரு போட்டோ எடு" என்றேன்.

"போன வாரம்தான் பெயின்ட் அடிச்சிருக்காங்கக்கா. பளபளன்னு இருக்கு."

"அடிவளைவுல நகத்தால தட்டிப் பாரு."

ரெண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.