பள்ளி நுழைவாயில் அஞ்சலட்டை: பெயர்ப்பலகை ஒருவழியாகப் படிக்கக் கிடைத்தது

மூன்று வாரமாக என்னை ஏய்த்துக்கொண்டிருந்த பெயர்ப்பலகை நேற்றிரவு கண்ணுக்கு அகப்பட்டுவிட்டது. பள்ளி வளாகத்தின் நுழைவாயிலைக் காட்டும் அந்தப் பழைய அஞ்சலட்டையை லூப்பில், அதாவது உருப்பெருக்குக் கண்ணாடியில், பார்த்தபோது அச்சகத்தில் அச்சிட்ட படங்களில் தெரியும் மைப்புள்ளி ஒன்றுகூட இல்லை, அசல் புகைப்படத்தாள்தான். பின்புற அஞ்சல்தலைக் கட்டத்தில் 'ஆஸோ' (AZO) என்ற புகைப்படத்தாள் வகையின் பெயரும், நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருப்பதால், சேகரிப்பாளர்களின் வழக்கமான கணக்குப்படி 1904-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. ஆனால் அது தாளின் வயதே தவிரப் படத்தின் வயதன்று என்பதால், வாயில் வளைவின் பலகையில் பெயருக்குக் கீழே மங்கலாகத் தெரிந்த ஆண்டையே நம்பியிருந்தேன்.

இடையூறு வெள்ளிப் படலம். படிமத்திலுள்ள வெள்ளி காலப்போக்கில் ஆக்சிஜனேற்றமடைந்து, மேற்பரப்புக்கு நகர்ந்து, அங்கே மீண்டும் உலோகமாகப் படிவதால் கருமையான பகுதிகளில் நீலப் பளபளப்பு உண்டாகிறது. பலகையோ படத்திலேயே மிகக் கருமையான இடம். ஸ்கேனரில் 1200 டிபிஐ வைத்தும் நீல மூட்டமே கிடைத்தது. அழிப்பானால் தேய்த்து நீக்கலாம் என்பவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை, ஏனெனில் தேய்த்தெடுப்பது படத்தின் வெள்ளியைத்தான்.

ஆகவே கேமராவை முக்காலியில் கவிழ்த்துப் பொருத்தி, இருபுறமும் 45 பாகையில் வைத்த விளக்குகளுக்குப் போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்சுக்குப் போலரைசர் வடிகட்டியும் மாட்டினேன்; இரண்டின் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் பளபளப்பு அடங்கும். முதல் இரண்டு வாரங்கள் வீணானதற்குக் காரணம் என் அசட்டைதான்: ஒரே தாளிலிருந்து வெட்டிய இரு துண்டுகளில் ஒன்றைக் குறுக்காக ஒட்டியிருந்தேன். வடிகட்டியை எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கத்துப் பளபளப்பு அடங்கினால் மறுபக்கம் கிளம்பியது. நானோ லென்சைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். பிறகு அட்டையின் அருகே ஓர் எஃகுக் குண்டை வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, குண்டின் ஒளிப்பொட்டு அணையும் நிலையைப் பார்த்தபோதுதான் இரு தாள்களின் அச்சும், அதாவது ஒளியை விடும் திசையும், 90 பாகை விலகியிருப்பது பிடிபட்டது. இனி வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அம்புக்குறி இடுவேன். அச்சு ஒத்துவந்ததும் இரு பொட்டுகளும் ஒருசேர மறைந்தன. பலகையின் கருமையும் திரும்பியது. வெளிச்சம் பெரிதும் குறைந்ததால் எக்ஸ்போஷர் ஒரு நொடிவரை நீண்டது, அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போலரைசர் தாள் வாங்குவோருக்கு ஒரு சொல்: மெல்லிய சுருள்தாள் மலிவானாலும் விளக்கின் சூட்டில் நெளிகிறது, தடித்த தாளே உத்தமம், இரு முகத்திலும் உள்ள காப்புப் படலத்தை உரிக்க மறந்துவிட வேண்டாம்.

பள்ளியின் பெயர் முழுவதும் தெளிவு. ஆண்டின் முதல் மூன்று இலக்கங்கள் 190. கடைசி இலக்கம் 3 அல்லது 8. 8 என்றால் படம் 1908-க்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது, 3 என்றால், தாளே 1904-க்குப் பிந்தையது என்பதால், எனக்கு ஒரு பயனும் இல்லை. இதை முடிக்காமலே, இதேபோல் படலம் படிந்த வகுப்புக் குழுப்படம் ஒன்றை மேசையில் எடுத்து வைத்துவிட்டேன். அதன் அளவுக்கு விளக்குகளை இன்னும் அகலமாக நகர்த்த வேண்டும்.