ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: போர்டில் எந்த விளக்கு எரிகிறது?

ஃபேன் சுற்றும், கீபோர்டு விளக்கு மின்னும், மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில், பெரும்பாலும் 24 பின் பவர் கனெக்டர் பக்கமாக, பொடி எழுத்தில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என நான்கு குட்டி எல்இடிகள் இருக்கும். எம்எஸ்ஐ இதற்கு ஈஸி டீபக் என்று பெயர் வைத்திருக்கிறது, ஏசுஸ் க்யூ-எல்இடி என்கிறது. வேலை ஒன்றுதான்.

பவர் பட்டனை அழுத்தியதும் இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தில் சோதனை தேங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பாகமே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டிரேம் விளக்கைப் பார்த்த கையோடு புது ரேம் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

டிரேமில் நின்றால் முதலில் பொறுமை. டிடிஆர்5 (புதிய வகை ரேம்) போர்டில் ரேம் மாற்றிய பிறகோ, சீமாஸ் கிளியர் (போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் செட்டிங்குகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது) செய்த பிறகோ முதல் முறை ஆன் செய்தால் 'மெமரி டிரெய்னிங்' நடக்கும், அதாவது போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் ஓடும். பழுதென்று நினைத்து நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையவில்லையா? பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் அது பெரும்பாலும் சிபியுவிலிருந்து இரண்டாவது. 'டக்' என்று கிளிப் பூட்டும் வரை அழுத்த வேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கும், மறுமுனை பாதி ஏறி நிற்பது கண்ணுக்கே தெரியாது. தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்த பிறகுதான் இந்தத் தொல்லை என்றால் சீமாஸ் கிளியர் போதும். எந்த ரேம் போட்டாலும் இதே கதை என்றால் சந்தேகம் சிபியு சாக்கெட் பக்கம் போக வேண்டும்: மெமரி கன்ட்ரோலர் சிபியுவுக்குள்ளேயே இருப்பதால், வளைந்த ஒரு பின்கூட டிரேம் விளக்கை எரியவைக்கும்.

சிபியு விளக்கு நின்றால் போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் கனெக்டரைப் பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் மறப்பது இதைத்தான். போர்டு பழையது, பிராசசர் புதியது என்றால் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம்.

விஜிஏ என்றால் பாதி நேரம் கேபிள்தான் குற்றவாளி. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது ஹெச்டிஎம்ஐயைப் போர்டில் சொருகியிருப்பார்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடியும் பிராசசர்களில் உள் கிராஃபிக்ஸே கிடையாது, போர்டு போர்ட்டில் படம் வராது. கார்டுக்குத் தனி பவர் கேபிள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூட் விளக்கு வரை வந்துவிட்டால் பெரிய கவலை இல்லை. பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் (ஹார்ட் டிஸ்க் கேபிள் சொருகும் இடம்) தானாக அணைந்துவிடும், அதில் உள்ள டிஸ்க் தெரியாது. எவை என்பது மேனுவலில் இருக்கும்.

ஒரு விளக்கும் எரியாமல் ஃபேனும் சுற்றாவிட்டால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மீது. அதன் எல்லா கேபிள்களையும் கழற்றிவிட்டு, 24 பின்னில் 16ஆவதையும் (வழக்கமாகப் பச்சை வயர்) 17ஆவதையும் (கறுப்பு) ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. லோடு தாங்குமா என்பது வேறு விஷயம். லோடு இல்லாதபோது ஃபேன் சுற்றாத மாடல்களும் உண்டு என்பதால், மல்டிமீட்டரில் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதே உறுதி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

டெல், ஹெச்பி பிராண்டட் மெஷின்களில் இந்த நான்கு எல்இடிகளுக்குப் பதில் பவர் பட்டனே மின்னும். ஹெச்பியின் சமீபத்திய அலுவலக மாடல்களில் சிவப்பு நீளமாக 3 முறை, வெள்ளை குறுகியதாக 2 முறை வந்தால் மெமரி. டெல்லில் ஒரே எண்ணிக்கைக்கு மாடலுக்கு மாடல் அர்த்தம் மாறும். ஆகவே மின்னுவதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.