முதலில் வினைமுற்றைப் பிடி

எங்கள் பாடசாலை இங்கிலீஷ் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பக்கங்கள் தனியாகத் தெரியும். மேலிருந்து கீழாக ஐந்து பத்திகள்: கிளோஸ் (ஒரு வினைமுற்றைக் கொண்ட வசனத் துண்டு), அதன் வகை, அது செய்யும் வேலை, எதைச் சார்ந்து நிற்கிறது, இணைக்கும் சொல். வசனத்தைக் கிளோஸ் கிளோஸாகப் பிரிக்கும் 'அனலிசிஸ்' என்றால் அந்த ஐந்து பத்திதான். தலைமைக் கிளோஸுக்குப் பெரிய 'ஏ', அதைச் சார்ந்தவற்றுக்குச் சின்ன 'ஏ' போட்டுப் பக்கத்தில் 1, 2 என்று இலக்கம். இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 'ஃபுரொன்டட் அட்வேர்பியல்' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது. பேரப்பிள்ளை வந்து கேட்டால் பயப்பட வேண்டாம். வசனத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்த பழைய அட்வேர்ப் (வினையடை) கூட்டந்தான், பின்னால் ஒரு கொமாவோடு.

இந்தச் சிறப்பு மலருக்கு எழுதும்போது அந்தக் கட்டத்தை அப்படியே வரைவதைவிட, அதை நிரப்பிய முறையை எழுதிவைப்பதுதான் பிரயோசனம்.

முதல் வேலை, வினைமுற்றுக்குக் கீழே கோடு. பொருள் விளங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. எது முற்று என்று சந்தேகம் வந்தால் வசனத்தை நேற்றைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். 'ஹி வோக்ஸ்' நேற்றைக்குப் போனால் 'ஹி வோக்ட்' ஆகும்; அது முற்று. 'வோக்கிங்', 'டு வோக்' இரண்டும் எந்தக் காலத்துக்கும் அசையா; அவை எச்சம். கோடு எத்தனையோ கிளோஸ் அத்தனை. ஒரே கோடு என்றால் மூன்று வரி நீண்டாலும் அது சிம்பிள் வசனம். 'ஐ திங்க் ஹி லைஸ்' நாலே சொல், ஆனால் இரண்டு கோடு, கொம்பிளெக்ஸ். நீளத்தைப் பார்த்து வகை சொல்பவர்கள் விழுவது இங்கேதான்.

இரண்டாவது வேலை, இணைக்கும் சொற்களைச் சுற்றி வட்டம். இதில் ஒரு கணக்கு உண்டு: கிளோஸின் தொகையில் ஒன்று குறைந்தால் வருவது இணைப்பின் தொகை. இரண்டு கிளோஸுக்கு ஒரு கயிறு, மூன்றுக்கு இரண்டு. மறைந்து நிற்கும் 'தட்' கணக்கில் சேரும், 'நொட் ஒன்லி – பட் ஓல்சோ' போலச் சோடியாக வருபவை ஒன்றென்றே எண்ணப்படும், அரைப்புள்ளியும் கயிறுதான். நாங்கள் விடும் பிழைகளில் பாதி இந்தக் கணக்கில் அகப்பட்டுவிடும்.

'தோ இட் ரெயின்ட், பட் வி வென்ட்': இரண்டு கிளோஸ், இரண்டு கயிறு. ஒன்று மிச்சம், 'தோ'வை எடு, அல்லது 'பட்'டை எடு. 'இட் ரெயின்ட், வி ஸ்ரேய்ட் அட் ஹோம்': இரண்டு கிளோஸ், கயிறே இல்லை. கொமாவுக்கு அந்தப் பாரத்தைத் தூக்கும் பலம் கிடையாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ போடலாம், 'சோ' சேர்க்கலாம், முன்னால் 'அஸ்' வைக்கலாம். 'பிகோஸ் இட் வோஸ் ரெயினிங்' என்று எழுதிப் புள்ளி வைத்தால் ஒரு கிளோஸ், ஒரு கயிறு; மறுமுனையில் கட்ட ஒன்றுமில்லை. தமிழில் 'நாங்கள் போகவில்லை. ஏனென்றால் மழை பெய்தது' என்று தாராளமாக எழுதலாம். அந்த 'ஏனென்றால்' தனி வசனத்தையே தொடங்கும் சொல், 'பிகோஸ்' அப்படியல்ல. அகராதியில் இரண்டும் ஒன்றென்று போட்டிருப்பதால் வரும் வினை.

கயிறு எந்த வகை என்பதில் கொம்பவுண்டும் கொம்பிளெக்ஸும் பிரியும். ஃபோர், அன்ட், நோர், பட், ஓர், யெட், சோ என்ற ஏழும் அரைப்புள்ளியும் சமமான இரண்டைக் கட்டுபவை; அது கொம்பவுண்ட். மற்றவை ஒன்றை மற்றதன் கீழே வைக்கும்; அது கொம்பிளெக்ஸ். இரண்டு வகையும் ஒரே வசனத்தில் வந்தால் கொம்பவுண்ட்-கொம்பிளெக்ஸ். 'ஹி கேம் அன்ட் சட்' என்பதில் மட்டும் பழைய இலக்கணக்காரருக்கும் புதியவருக்கும் ஒத்துவராது. கோடு இரண்டானாலும் எழுவாய் ஒன்றேயானதால் சிம்பிள் என்கிறார்கள் இப்போது; சுருங்கிய கொம்பவுண்ட் என்பது பழைய கட்சி. எனக்குப் புதியது சரியாகப் படுகிறது.

வகை சொல்லும் பத்தியில் இணைப்புச் சொல்லை நம்பினால் கெட்டோம். 'வெயர் ஹி லிவ்ஸ்' என்ற ஒன்றையே பாருங்கள். 'ஐ நோ வெயர் ஹி லிவ்ஸ்': எதைத் தெரியும் என்ற கேள்விக்கு விடை, நவுன் (பெயர்) கிளோஸ். 'த ஹவுஸ் வெயர் ஹி லிவ்ஸ்': எந்த வீடு, அட்ஜெக்டிவ் (பெயரடை). 'ஐ லிவ் வெயர் ஹி லிவ்ஸ்': எங்கே வசிக்கிறேன், அட்வேர்ப். சொல் மாறவில்லை, வேலைதான் மாறியது. முதலாவதில் கேள்வியின் ஒழுங்கைக் கொண்டுவந்து 'வெயர் டஸ் ஹி லிவ்' என்று எழுதுவதும் பிழை. அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை.

1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே படிக்கப்பட்டன. பின்னாளில் தொல்காப்பியம் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். ஒன்றை மற்றதோடு உரசிப் பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 'வோக்கிங் அலோங் த றோட், எ டோக் பிட் ஹிம்' ஏன் பிழை என்று இங்கிலீஷ் விதியால் விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். 'வோக்கிங்'கை 'நடக்கும்போது' என்று எடுத்தால் பிழையே தெரியாது. 'தெருவில் நடக்கும்போது நாய் கடித்தது' நல்ல தமிழ். 'நடந்து' என்று எடுத்துப் பாருங்கள்: 'தெருவில் நடந்து நாய் அவனைக் கடித்தது.' நடந்தது நாயாகிவிடுகிறது! செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கும் முற்றுக்கும் பொதுவாக எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கிலீஷ் எச்சமும் அதையே கேட்கிறது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'லண்டனில் இருக்கும் என் அண்ணன்' என்றால் அண்ணன்மார் எத்தனை பேர் என்று தெரியாது. இங்கிலீஷில் 'மை பிரதர் ஹூ இஸ் இன் லண்டன்' என்று கொமா இல்லாமல் எழுதினால் வேறு ஊரில் இன்னொருவர் இருக்கிறார். இரு பக்கமும் கொமா போட்டால் அவர் ஒருவர்தான். காணி உறுதியிலும் விசா விண்ணப்பத்திலும் இந்தக் கொமாவைக் கவனியுங்கள்.

பொருளால் வரும் நாலு வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. கூற்று, வினா, ஏவல், வியப்பு. ஏவலில் 'யூ' மறைந்திருக்கும், 'வா' என்பதில் 'நீ' போல. வியப்பில் பெயரோடு 'வட்', பண்போடு 'ஹவ்': 'வட் எ கார்டன்', 'ஹவ் பியூட்டிஃபுல்'. சிக்கல், வசனத்தின் வாலில் தொங்கும் குட்டிக் கேள்வியில். 'ஷி கேம்' என்றால் 'டிடின்ட் ஷி', 'தே ஆர்ன்ட் ஹியர்' என்றால் 'ஆர் தே'. வினையும் எழுவாயும் ஒத்துப்போக வேண்டும், உடன்பாடு எதிர்மறையாகவும் எதிர்மறை உடன்பாடாகவும் திரும்ப வேண்டும். நாங்களோ எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போட்டு முடித்தோம், தமிழில் ஒரு 'இல்லையா' எல்லாவற்றுக்கும் போதுமே. சிவப்பு மையால் வெட்டுப்பட்டது அதுதான் அதிகம். இப்போது லண்டன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் அதே 'இஸின்ட் இட்'டைச் சுருக்கி 'இன்னிட்' என்கிறார்கள்.