சிம்மக்கல் காம்பவுண்டு வீட்டை வாங்கலாமான்னு அலைஞ்ச கதை

மதுரையில சிம்மக்கல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீடு விலைக்கு வந்துச்சு. மூணு சென்ட் இடம், கீழ அஞ்சு மேல மூணுன்னு எட்டு போர்ஷன், எட்டுக்கும் சேர்த்து ரெண்டே கக்கூஸ். சொன்ன விலை 1 கோடியே 30 லட்சம். அப்பா காலத்து வயலை வித்த காசு பேங்க்ல கிடந்துச்சு, மிச்சத்துக்கு லோன் போட்டு முடிச்சிட்டா மாசாமாசம் வாடகை வந்துட்டே இருக்கும்னு எனக்கு ஒரே ஆசை, வீட்டுக்காரிக்குத்தான் ஆரம்பத்துல இருந்தே மனசு ஒப்பல.

புரோக்கர் கூட்டிட்டுப் போனது காலையில பதினோரு மணிக்கு, பாதிப் பேரு வேலைக்குப் போயிட்டாங்க, வீடு அவ்ளோ அமைதி. மறுநாள் அவருக்குச் சொல்லாம ஆறு மணிக்கே போய் நின்னேன், கக்கூஸ் வாசல்ல வாளியோட அஞ்சு பேரு, அடிகுழாய்ல ஒரே சண்டை. இதைக் காட்டாம இருக்கத்தான் பதினோரு மணி போல.

அப்புறம் எங்க தெரு கொத்தனார் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். பழைய மெட்ராஸ் டெரஸ், மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்புக் காரை போட்டது. நடுவுல தட்டுனா உத்தரம் இரும்பு மாதிரி கிண்ணுன்னு இருக்கு, ஆனா சுவத்துக்குள்ள போற முனையில கம்பியை விட்டா மாவா கொட்டுது. "தம்பி, இதுக்கு ரிப்பேர் பாக்குற காசுக்கு இடிச்சிட்டே கட்டிரலாம்"னாரு. சரின்னு விசாரிச்சா, மீனாட்சியம்மன் கோயில்ல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக்கூடாது, அதாவது தரைக்கு மேல ரெண்டு மாடி, அதுலயும் இப்ப உள்ள ரூல்படி சுத்தி இடம் விட்டா மூணு சென்ட்ல எட்டு போர்ஷன் எங்க வரப்போகுது.

அப்பவும் எனக்கு ஆசை விடல. வில்லங்கம், அதான் சொத்து மேல ரிஜிஸ்டர் ஆன கடன், அடமானம் எல்லாம் காட்டுற சர்டிபிகேட், போட்டுப் பார்த்தோம், சுத்தமா இருந்துச்சு, நான் குதிச்சேன். மேல் போர்ஷன்ல இருக்க ஒரு அம்மாதான் பேச்சுவாக்குல "வாடகை எல்லாம் கெடையாதுப்பா, மூணு லட்சம் ஒத்திக்கு இருக்கோம்"னு சொன்னாங்க. ஒத்தின்னா மொத்தமா ஒரு தொகையைக் குடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கறது, காலி பண்றப்போ அந்தப் பணம் முழுசா திரும்பக் குடுக்கணும். பக்கத்துப் போர்ஷனும் அதே மூணு லட்சம். ரெண்டுமே சாதா ஸ்டாம்பு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டது, ரிஜிஸ்டர் பண்ணல, அப்புறம் எப்படி வில்லங்கத்துல ஏறும்? வக்கீல் சார்கிட்ட கேட்டா, உள்ள ஆளு குடியிருக்கப்போ அவங்களுக்கு என்ன பாத்தியதைன்னு எனக்குத் தெரியாதுன்னு நாளைக்கு நீங்க சொல்ல முடியாது, விசாரிக்க வேண்டியது வாங்குறவன் பொறுப்புன்னுட்டாரு. விக்கிறவரு இதைப் பத்தி ஒரு வார்த்தை மூச்சு விடல. எட்டாவது போர்ஷன் ஏன் பூட்டிக் கிடக்குன்னு கேட்டப்பதான் விக்கிறவருக்குக் கோயம்புத்தூர்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க சாமான் அதுன்னு வெளிய வந்துச்சு, அக்காவுக்கும் சொத்துல பங்கு உண்டு, கையெழுத்துப் போட வருவாங்களான்னா பதில் இல்ல.

ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். விலை 1 கோடியே 30 லட்சம், பத்திரச் செலவு 9 சதவீதம்னா 11 லட்சத்து 70 ஆயிரம், ஒத்திப் பணம் 6 லட்சம் என் தலையில, எல்லாம் சேர்த்து 1 கோடியே 48 லட்சம் பக்கம். வாடகை வர்றது அஞ்சு போர்ஷன்ல, மொத்தம் 15,500, வருஷத்துக்கு 1 லட்சத்து 86 ஆயிரம். ஒத்தி ரெண்டையும் வாடகைக்கு மாத்துனாலும் ரெண்டரை லட்சத்தைத் தாண்டாது, அதுல வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், கக்கூஸ் அடைப்பு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு "எஃப்டியிலயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டா.

இருந்தாலும் கடைசியா கேட்டுப் பார்த்தேன், அக்காவும் கையெழுத்துப் போடணும், ஒத்தியை நீங்களே தீர்த்துக் குடுக்கணும், 1 கோடியே 5 லட்சம்னா சரின்னு. புரோக்கர் போனை வச்சவருதான், திரும்பக் கூப்பிடவே இல்ல. நல்லவேளை டோக்கன் அட்வான்ஸ் எதுவும் குடுக்கல.

போன வாரம் அந்த மாடி வீட்டம்மா போன் பண்ணுனாங்க. தை மாசத்தோட அவங்க ஒத்தி முடியுதாம். "நீங்க வாங்கலைன்னா வேற யாருப்பா வாங்குறாங்க, என் பணத்தை நான் யார்கிட்ட கேக்குறது"ன்னு கேட்டாங்க. வக்கீல் நம்பரை அனுப்பி வச்சேன்.