113-ஆம் தாள்

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் பழுப்பு நிறப் படம் ஒன்றை வாங்கினேன். ஆற்றங்கரை, அடர்ந்த மரங்கள், மாட்டுக்கூட்டம், புல்தரையில் ஆடும் ஒரு ஆணும் பெண்ணும், சற்றுத் தள்ளி நீர்ச்சக்கரம் வைத்த ஒரு மாவு ஆலை. “க்ளோத் லொரேன் கையால வரைஞ்சது, முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு” என்றார் கடைக்காரர். பதினேழாம் நூற்றாண்டில் ரோமில் நிலக்காட்சிகள் வரைந்து புகழ்பெற்றவர் க்ளோத். நம்பினேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அது வரைந்த படமே அல்ல, அச்சடித்தது என்று தெரிந்தது. தூரிகையால் மசியை நீர்க்கத் தடவியதுபோல் தோன்றிய நிழல்களுக்குள் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நாலு ஓரத்தையும் யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் செப்புத் தகடு தாளில் அழுந்திய பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டது.

அப்புறம் தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. ரிச்சர்ட் எர்லம் என்கிற செதுக்கோவியர் 1770-களில் லண்டனில் பாய்டெல் என்ற பதிப்பாளருக்காகச் செய்த 200 தகடுகளில் ஒன்று அது, 113-ஆவது. மூலப்படங்கள் பழுப்பு மசியில் இருந்ததால் அச்சுக்கும் பழுப்பையே பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ‘டெவன்ஷயர் பிரபுவின் சேகரிப்பில் உள்ள மூலக் கோட்டோவியத்திலிருந்து’ என்று ஒழுங்காக அச்சிட்டிருக்கும். அந்த வரியை வெட்டி எறிந்துவிட்டால் அச்சு ஓவியமாகிவிடுகிறது! எனக்கு விற்ற படத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு விரல் அகலத் தாள்தான். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்த மூலக் கோட்டோவியத்தை ஒருமுறை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, போன மாதம்தான் கைகூடியது.

லண்டனில் முதல் நாள் டிராஃபல்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரிக்குப் போனேன். இதே காட்சியை க்ளோத் வரைந்த பெரிய ஓவியம் அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சிறிய தாளுக்குப் போவதுதான் முறை என்று பட்டது. 1648-ல் வரைந்த ஓவியம். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். என் பழுப்புப் படத்தில் இருந்த அதே ஆறு, அதே ஆட்டம், ஆனால் இங்கே காலை வெளிச்சம் மலைகளைத் தாண்டி வந்து தண்ணீர்மேல் கிடக்கிறது. படத்துக்கு ‘ஈசாக்கு ரெபேக்காள் திருமணம்’ என்று பெயர். ஒரு மரத்தின் அடிக்கட்டையில் க்ளோத் அதை எழுதியே வைத்திருக்கிறார். எழுதியிராவிட்டால் இதை யாரும் வேதாகமக் கதை என்று சொல்லமாட்டார்கள், மேய்ப்பர்களின் மகிழ்ச்சியான ஒரு பகல் என்றுதான் சொல்வார்கள். பக்கத்திலேயே ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியம். தன் படங்கள் இரண்டு க்ளோதின் இரண்டு படங்களோடு சேர்ந்து தொங்கவேண்டும் என்று டர்னர் உயிலில் எழுதிவைத்தார். அந்த இரண்டில் ஒன்று இது. 1824-ல் நேஷனல் கேலரி தொடங்கியபோது அதற்கு முந்தைய வருடம் இறந்த ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரின் சேகரிப்பிலிருந்து 57,000 பவுண்டுக்கு வாங்கிய 38 ஓவியங்களில் இதுவும் சேர்த்தி.

இதே காட்சி ரோமில் டோரியா பாம்ஃபிலி மாளிகையிலும் தொங்குகிறது என்பதுதான் சிக்கல். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அங்கே அதற்குப் பெயர் வெறும் ‘ஆலை’. பத்தாம் இன்னொசென்ட் போப்பின் அண்ணன் மகனோ தம்பி மகனோ, எப்படியும் அவர் குடும்பத்துப் பிள்ளையான கமில்லோ பாம்ஃபிலி 1647-ல் கர்தினால் பதவியைத் துறந்து கல்யாணம் செய்துகொண்டார். அதனால் குடும்பத்தின் கோபத்துக்கு ஆளாகி ரோமை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அவருக்காகத் தொடங்கிய படம் அந்தரத்தில் நிற்க, பூயோன் பிரபு என்ற பிரெஞ்சுக்காரர் அதை எடுத்துக்கொண்டார், பின்பு பாம்ஃபிலிக்கு இன்னொன்று வரைந்து கொடுத்தார் க்ளோத் என்பது அறிஞர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். ஒரு கல்யாணத்தால் ஒரு கல்யாணப் படம் இரண்டாகியிருக்கிறது.

மறுநாள் பிரிட்டிஷ் மியூசியம். முன்வாசல் கூட்டத்தில் மாட்டாமல் பின்பக்கம் மான்டேகு பிளேஸ் வழியாக நுழைந்து மாடியேறினால் 90-ஆம் அறை. அதை ஒட்டித்தான் அச்சுப்படங்கள், கோட்டோவியங்கள் பிரிவின் வாசிப்பறை. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். ஆராய்ச்சியாளராக இருக்கவேண்டும் என்பதில்லை, பார்க்க விரும்புகிற எவரும் கேட்கலாம். இதை நிறையப் பேர் தெரிந்துகொள்ளவேண்டும். பையை வெளியே வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பென்சில் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். பேனா கூடாது.

கறுப்புத் துணி போர்த்த கனமான பெட்டி வந்தது. சொலாண்டர் பெட்டி. கேப்டன் குக்கோடு கப்பலில் போன தாவரவியலாளர் டேனியல் சொலாண்டர் இதே மியூசியத்தில் வேலை பார்த்தபோது உருவாக்கியதாம். உள்ளே அட்டைச் சட்டத்துக்குள் 113-ஆம் தாள்.

சின்னது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், ஏறத்தாழ 19-க்கு 26 சென்டிமீட்டர். நேற்று ஆறடி தள்ளி நின்று பார்த்தது இன்று என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். பேனாக் கோடுகள் முதலில், அதன்மேல் பழுப்பு மசியின் நீர்த்த பூச்சு. மரங்களின் இலைத்திரளில் தூரிகை நனைந்தும் காய்ந்தும் போன தடம் தெரிகிறது. என் போனில் இருந்த எர்லம் அச்சின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எர்லம் நல்ல கைக்காரர், ஒரு கிளையைக்கூட விடவில்லை. ஆனால் அவர் அச்சில் நிழல் எங்கும் ஒரே சீராக இறங்குகிறது. க்ளோதிடம் அப்படியில்லை. மசி ஓரிடத்தில் தேங்கிக் கறுத்திருக்கிறது, அடுத்த விரற்கடையில் தண்ணீராக வெளுத்திருக்கிறது. நான் அதிக நேரம் பார்த்தது அந்த மசியைத்தான்.

இந்தத் தாள் ‘லீபர் வெரிட்டாட்டிஸ்’, அதாவது ‘உண்மையின் புத்தகம்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற தொகுப்பைச் சேர்ந்தது. 1635 வாக்கில் ரோமில் க்ளோதுக்குக் கிராக்கி ஏறியது. போப் எட்டாம் அர்பன், ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் எல்லாம் படம் கேட்டார்கள். கூடவே போலிகளும் கிளம்பின. அவர் ஓவியச்சாலையில் பாதி முடிந்த படத்தைப் பார்த்துவிட்டுப் போய், மூலம் காய்வதற்குள் அதே காட்சியை வரைந்து அவர் பெயரில் விற்றார்கள் என்று அவர் வரலாற்றை எழுதிய பால்தினூச்சி சொல்கிறார். க்ளோத் வழக்குப் போடவில்லை. வெறும் புத்தகம் ஒன்றை எடுத்து, வரைந்து முடித்து அனுப்பும் ஒவ்வொரு ஓவியத்தையும் அதில் ஒரு பக்கத்தில் திரும்ப வரைந்து வைத்தார். பின்பக்கத்தில் யாருக்காக, எந்த ஊருக்கு என்று குறிப்பு. இறக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பது வருடம், 195 ஓவியங்கள். நம் பத்திர ஆபீஸ் மொழியில் சொன்னால் தாய்ப்பத்திரத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பொதுவாக ஓவியர்கள் முதலில் கோட்டோவியம் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய படம் வரைவார்கள். அதனால் ஒரு பழைய கோட்டோவியம் உண்மையா என்று பார்க்கிறவர்கள் தடுமாற்றத்தைத் தேடுவார்கள். கையை முதலில் உயர்த்தி வரைந்து, பிறகு தாழ்த்திய கோடு. இடம் மாறிய மரம். படி எடுக்கிறவனுக்கு அந்தத் தடுமாற்றம் வராதே! ஆனால் இந்தப் புத்தகத்தில் எல்லாமே தலைகீழ். ஓவியம் முடிந்த பிறகு வரைந்தவை இவை, அதனால் தயக்கமே இல்லாமல் தெளிவாக இருக்கின்றன. வெறும் கண்ணை மட்டும் நம்பினால் இவற்றையே நல்ல படி என்று ஒதுக்கிவிடலாம். தாள்தான் காப்பாற்றுகிறது. நாலு வெள்ளை, நாலு நீலம் என்று மாறிமாறிக் கோத்த புத்தகம் அது. நீலத்தாளில் வெளிச்சத்துக்கு வெள்ளை தீட்டியிருப்பார். ஒரு தாளின் நிறமே அது புத்தகத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று சாட்சி சொல்கிறது.

முதல் தாளின் பின்பக்கத்தையும் கேட்டிருந்தேன். அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாகத் திருப்பிக் காட்டினார். கிழவரின் கையெழுத்து. ‘1677 ஆகஸ்ட் 10’ என்று இத்தாலியனில் தொடங்குகிறது, பிரெஞ்சுக்கு மாறுகிறது: இந்தப் புத்தகம் எனக்குச் சொந்தம், என் வாழ்நாளில் நான் செய்தது. கீழே பெயர், ரோம், 1680 ஆகஸ்ட் 23. இரண்டு மொழியிலும் எழுத்துப்பிழை. லொரேன் என்ற பகுதியில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, ரோமுக்கு வந்து சேர்ந்தவர். கோடு போட வராத இடமே இல்லாத கை, எழுத்துக்கு மட்டும் சிரமப்பட்டிருக்கிறது. ‘எனக்குச் சொந்தம்’ என்ற அந்த வரியைப் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த இரண்டே வருடத்தில், 1682 நவம்பரில், இறந்துவிட்டார்.

புத்தகம் அவர் வளர்த்த பெண் ஆக்னஸுக்குப் போனது. பிறகு குடும்பத்தை விட்டு வெளியேறி, 1720-களில் இரண்டாம் டெவன்ஷயர் பிரபுவின் கைக்கு வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் அதே குடும்பம். 1950-ல் பத்தாம் பிரபு இறந்தபோது வாரிசு வரி எண்பது சதவீதம். பணத்துக்குப் பதிலாகக் கலைப்பொருள்களை அரசு ஏற்றுக்கொண்டது, அப்படித்தான் 1957-ல் இது மியூசியத்துக்கு வந்தது. அட்டைச் சட்டத்தில் உள்ள பதிவெண் ‘1957,1214’ என்று தொடங்கும். 1957 டிசம்பர் 14 என்று அதற்கு அர்த்தம்.

இந்தச் சங்கிலி இல்லாத படங்கள் என்ன ஆகும்? அதற்கும் பதில் இதே கட்டடத்தில் இருக்கிறது. 1824-ல் ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற சேகரிப்பாளர் விட்டுச்சென்ற க்ளோத் கோட்டோவியங்கள் ஏராளமாக இங்கே உண்டு. பெரும்பாலும் வெளியில் உட்கார்ந்து வரைந்த மரம், பாறை, ஆற்று வளைவு. உதிரித் தாள்களான இவற்றுக்குக் கண்ணும், வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறியும், பழைய சேகரிப்பாளர்கள் மூலையில் குத்திய குட்டி முத்திரைகளும்தான் துணை. அந்த முத்திரைகளுக்கு ஃப்ரிட்ஸ் லூக்ட் என்ற கலை அறிஞர் 1921-ல் ஓர் அகராதியே போட்டார். இன்றும் ஏலப் பட்டியல்களில் அவர் எண்ணைத்தான் குறிக்கிறார்கள். கண் எவ்வளவு தேர்ந்ததானாலும் ஏமாறும். இதே நைட் ஒரு மலர்த்தேவதைச் செதுக்குக் கல்லைப் பழைய ரோமானியப் பொருள் என்று வாங்கினார். பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற செதுக்குக் கலைஞர் வந்து ‘அது நான் செதுக்கியது’ என்று சொன்ன பிறகும் நைட் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் சவரன் என்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான தங்கக் காசில் குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் வீரனை வடித்தவர் இந்தப் பிஸ்ட்ருச்சிதான்.

நேரம் முடிகிறது என்று ஊழியர் மெதுவாகச் சொன்னார். 113-ஐ இன்னொரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். தண்ணீர் மின்னும் இடத்தில் குனிந்து பார்த்தேன். அங்கே க்ளோத் எதுவுமே தீட்டவில்லை, சுற்றிலும் மசியை நிறுத்திவிட்டு வெறும் தாளை விட்டிருக்கிறார். பெட்டி மூடியது.

ஊர் திரும்பியதும் என் அச்சைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதினேன்: ரிச்சர்ட் எர்லம், அச்சு, தகடு 113. மூலம் பிரிட்டிஷ் மியூசியத்தில். கீழ் ஓரம் வெட்டப்பட்டது. அப்புறம் வாங்கிய வருடம், வாங்கிய ஊர், என் பெயர்.