கலை அரசியின் பாட்டுப் புத்தகம்

திருப்பாதிரிப்புலியூரில் சித்தப்பாவின் தகரப்பெட்டியிலிருந்த பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின் அட்டையும் கடைசித் தாளும் இல்லாத ‘கலை அரசி’ ஒன்று கைக்கு வந்தது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் வெளிவந்த அந்தப் படத்தில், வேற்றுக்கிரகத்தார் தங்களுக்கு இல்லாத கலையைக் கற்பதற்காகப் பூமியிலிருந்து பானுமதியைப் பறக்கும் ஊர்தியில் தூக்கிச் செல்கிறார்கள். தூக்கிச் செல்பவர் நம்பியார், மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். என்றதும் என் மகள் சிரித்தாள். பூமிக்கு வந்தவர்கள் பொன்னையும் மண்ணையும் விட்டுவிட்டு ஒரு பாடகியைத் தேடினார்கள் என்ற கற்பனைக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

யூடியூபில் மங்கலாக ஓடுவதால் படம் பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன மூலப் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் காடி (வினிகர்) நெடி வீசும்; பிறகு சுருங்கி நெளிந்துவிடும். இந்தப் படம் வெளிவந்த மறு ஆண்டில்தான், அதாவது 1964இல்தான், புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமே தொடங்கப்பட்டது.

சுருளைப் போலவே அதைச் சுற்றியுள்ள காகிதமும் முக்கியம் என்று எனக்குக் காட்டியது, 1927இல் பெர்லினில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனப் படம். வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்டு, ஏறக்குறைய கால் பங்கை இழந்த அந்தப் படத்தின் நீண்ட பிரதியொன்று 2008இல் புவெனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில், கீறல்கள் நிறைந்த 16 மி.மீ. சுருளாகக் கிடைத்தது. அதற்கு முன்பே, எந்தக் காட்சி எங்கே வர வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தவை, காட்சிக் குறிப்புகளோடு கூடிய இசைத்தாள்களும், மௌனப் படத்தில் காட்சிகளுக்கு இடையே திரையில் தோன்றும் எழுத்து அட்டைகளின், தணிக்கைக்காகப் பதிவுசெய்யப்பட்ட வாசகங்களும்தான். நம் படங்களுக்கு அந்த வேலையைச் செய்யக்கூடியவை, நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் பாடல் வரிகளும் அச்சான இந்த மலிவுப் புத்தகங்கள். பின்னாள் பிரதிகளில் பாடல்களை நறுக்கிவிடும் பழக்கம் நமக்குப் புதியதன்று. எது நறுக்கப்பட்டது என்பதைக் காட்ட இவையாவது வேண்டும்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை நான் சொல்லத் தேவையில்லை. இங்குள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது; 2001இல் அதே பதிவேட்டில் ஏறியிருந்தது மெட்ரோபோலிஸ். சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவத் தெரிந்த ஊரில், பாட்டுப் புத்தகம் பழைய காகிதக் கடைக்குப் போகிறது.

துருப்பிடித்த பின்னைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, அமிலமற்ற தாளுக்குள் வைத்திருக்கிறேன். லேமினேஷன் செய்துவிட்டால் நூறு வருஷம் இருக்கும் என்றார் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளிலிருந்து பிரிக்கவே முடியாது என்பதால் மறுத்துவிட்டேன். சித்தப்பாவுக்கோ புத்தகம் திரும்பத் தகரப்பெட்டிக்கே வர வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோதே அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். அவர் பொருள், அவர் சொல்வதே செல்லும். அமிலமற்ற உறையோடு திருப்பிக் கொடுப்பதாக உடன்பாடு.

அந்தக் கடைசித் தாளும் பின் அட்டையும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். ஸ்கேன் செய்துகொள்ள மட்டும் அனுமதியுங்கள்.